குழந்தையின் மொழியும் குடும்பத்தின் செவியும்

மழலைச் சொல்லைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்துப் போற்றியவர் வள்ளுவப் பெருந்தகை. சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனக் குழந்தையின் விளையாட்டுகளையே பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்டது நம் மொழி. அத்தகைய மரபில் வந்த நாம், நம் வீட்டுக் குழந்தை நம்மிடம் சொல்வதைக் கேட்கின்றோமா? “சாப்பிட்டாயா? வீட்டுப்பாடம் முடித்தாயா? தேர்வில் எத்தனை புள்ளி?” இம்மூன்று வினாக்களோடு பல இல்லங்களில் பெற்றோர் பிள்ளை உரையாடல் முற்றுப்பெற்று விடுகின்றது. குழந்தை வாய் திறவாதபோது, “இவன் எதையும் சொல்லமாட்டான்” என்று குறைபட்டுக் கொள்கின்றோம்.

அக்குழந்தை சொல்லாமல் இல்லை; சொல்லால் சொல்லவில்லை, அவ்வளவே. அது கையிலுள்ள பொம்மையால் சொல்கிறது. கிறுக்கிய கோட்டால் சொல்கிறது. குவித்துக் கலைத்த மணலால் சொல்கிறது. இவ்வுண்மையை மருத்துவ உலகம் ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. விளையாட்டுச் சிகிச்சை, கலைச் சிகிச்சை என்று இன்று வழங்கும் துறைகள் உருப்பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொடக்கத்தில் குழந்தையின் அருகே அமர்ந்திருந்தவர் பெற்றோர். பின்னர் அவர் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். நெடுங்காலம் கழித்து மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டார். அவர் ஏன் வெளியேறினார், ஏன் திரும்ப அழைக்கப்பட்டார் என்பதை ஈண்டு நோக்குவோம்.

தந்தை எழுதிய குறிப்பு

1909ஆம் ஆண்டில் வியன்னா நகரில் சிக்மண்ட் பிராய்டு ஒரு சிறுவனின் வரலாற்றை வெளியிட்டார். ‘சின்ன ஹான்ஸ்’ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட அச்சிறுவனுக்குக் குதிரை என்றால் பேரச்சம். குதிரை வண்டிகள் நிறைந்திருந்த அந்நகரத் தெருவில் காலடி வைக்கவே அஞ்சினான். அவனுக்கு மருத்துவம் செய்தவர் பிராய்டு என்று பலர் எண்ணுவர். உண்மையில் அப்பணியைச் செய்தவர் சிறுவனின் தந்தையான இசை அறிஞர் மேக்ஸ் கிராப். மகன் பேசியதையும் விளையாடியதையும் கனவு கண்டதையும் அவர் நாள்தோறும் குறித்து அனுப்பினார். பிராய்டு அவற்றைப் படித்து வழி கூறினார். அச்சிகிச்சையின்போது பிராய்டு சிறுவனை நேரில் கண்டு உரையாடியது ஒரே ஒரு முறைதான். தந்தையல்லாத வேறொருவர் அக்குழந்தையை இத்துணைப் பேசவைத்திருக்க இயலாது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அச்சிறுவன் நலமாக வளர்ந்தான். ஹெர்பர்ட் கிராப் என்னும் இயற்பெயரோடு இசைநாடக இயக்குநராகப் புகழ் பெற்றான். 1922இல், பத்தொன்பது வயது இளைஞனாகப் பிராய்டைச் சந்தித்தபோது, தன் கதையைப் படித்தும் அதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றானாம். அச்சம் மறைந்தது, அச்சத்தின் நினைவும் மறைந்தது.

1920இல் பிராய்டு மற்றொரு காட்சியை எழுதினார். ஒன்றரை வயதுடைய அவருடைய பேரன், நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைக் கட்டிலின் திரைக்கு அப்பால் வீசுவான்; “போயிற்று” என்று பொருள்படும் ஒலியெழுப்புவான்; பின் நூலை இழுத்துக் கட்டையை வரவழைத்து, “இதோ” என்று மகிழ்வான். தாய் தன்னை விட்டு வெளியே செல்வதையும் மீண்டும் வருவதையும் குழந்தை தன் கையால் நடத்திப் பார்க்கின்றது என்று பாட்டனார் உணர்ந்தார். தாயைப் போகவிடாமல் தடுக்கும் ஆற்றல் குழந்தைக்கு இல்லை. ஆனால், மரக்கட்டையைத் திரும்ப அழைக்கும் ஆற்றல் உண்டு. விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

வெளியே நின்ற தாய்

அதே காலத்தில் வியன்னாவில் ஆசிரியராயிருந்த ஹெர்மினா ஹூக் ஹெல்முத் என்னும் அம்மையார், குழந்தைகளுக்கு மருத்துவம் செய்ய விளையாட்டைத் துணைக்கொண்டார். எனினும், பெற்றோர் தம் குழந்தையின் உள்ளத்தைத் தாமே செவ்வையாக ஆராய்தல் இயலாது என்பது அவர் கருத்து. தந்தையின் பங்கைப் பிராய்டு போற்றிய சில ஆண்டுகளிலேயே பெற்றோர்க்கு எதிராக வாயிற்கதவு சாத்தப்படலாயிற்று.

பெர்லினில் பணியாற்றி, 1926இல் லண்டனுக்குக் குடியேறிய மெலனி கிளைன் என்பார் இத்துறைக்கு உறுதியான வடிவம் கொடுத்தார். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்தும் வாய் திறக்கவில்லை. கிளைன் அடுத்திருந்த தம் பிள்ளைகளின் அறைக்குச் சென்று, சில கார்களையும் சிறு உருவங்களையும் கட்டைகளையும் ஒரு பெட்டியில் அள்ளி வந்து அவள் முன் வைத்தார். சிறுமி உடனே விளையாடத் தொடங்கினாள். பேச்சு மறுத்த இடத்தில் பொம்மை பேசிற்று. பின்னர் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இழுப்பறை ஒன்றை ஒதுக்கி, அதன் விளையாட்டுப் பொருள்களை அதில் பூட்டி வைப்பதை அவர் வழக்கமாக்கினார்.

குழந்தையின் ஒவ்வொரு செய்கைக்கும் ஆழ்ந்த பொருள் கண்டு, அதை உடனே குழந்தைக்கு எடுத்துரைப்பது கிளைனின் முறை. இதனைப் பிராய்டின் மகளார் அன்னா பிராய்டு ஏற்கவில்லை. குழந்தை இன்னும் வீட்டோடு கட்டுண்டு வாழ்வது. அதன் அன்பும் அச்சமும் பெற்றோரைச் சுற்றியே நிகழ்வன. ஆகவே, முதலில் குழந்தையின் நம்பிக்கையைப் பெறவேண்டும், பெற்றோரின் துணையையும் நாடவேண்டும் என்று 1927இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். இவ்விரு அணியினரின் பூசல் பிரித்தானிய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தையே பிளந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு வளர்ந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது அன்னா பிராய்டும் அவர்தம் தோழி டோரத்தி பர்லிங்காமும் லண்டன் ஹேம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தை இல்லங்களை நடத்தினர். குண்டு வீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிந்த பிரிவே இளங்குழந்தைகளை மிகுதியாக வாட்டியது என்பது அங்கே அவர்கள் கண்ட உண்மை. அதனால் குழந்தைகளைச் சிறுசிறு குடும்பங்கள்போலப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தாய்போன்ற ஒருவரை அமர்த்தினர். கல்லும் இரும்பும் இடிந்து விழுவதைத் தாங்கிய பிஞ்சு மனம், தாயின் மடி இல்லாமையைத் தாங்கவில்லை.

மணலில் ஓர் உலகம்

மார்கரெட் லோவன்பெல்டு ஒரு மருத்துவர். முதல் உலகப்போருக்குப்பின் போலந்து நாட்டில் நோயும் பசியும் சூழ்ந்த மக்களிடையே தொண்டாற்றியவர். சொல்லில் அடங்காத துன்பத்தை அங்கே கண்டவர், சொல் இல்லாமலே உள்ளத்தைப் புலப்படுத்தும் வழியைத் தேடினார். 1928இல் லண்டனில் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். சிறு வீடுகள், மரங்கள், விலங்குகள், மனித உருவங்கள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு வைத்தார். குழந்தைகள் அதற்கு ‘வியப்புப் பெட்டி’ எனப் பெயரிட்டனர். மறு ஆண்டில் மணல் நிரப்பிய தட்டு ஒன்றும் அறையில் இடம்பெற்றது. குழந்தைகள் யாரும் சொல்லாமலே பெட்டியிலிருந்த பொருள்களை மணலுக்குக் கொண்டுசென்று ஊரும் ஆறும் போர்க்களமும் அமைத்தனர். அதை ‘உலகம்’ என்றனர். லோவன்பெல்டு அப்பெயரையே தம் முறைக்குச் சூட்டினார். பின்னாளில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டோரா கால்ப் இம்முறையைக் கற்றுச் சென்று, மணல் விளையாட்டுச் சிகிச்சையாக வளர்த்தார்.

இதில் ஒரு சிறப்பைக் கவனித்தல் வேண்டும். லோவன்பெல்டின் சிந்தனைக்கு வித்திட்ட நூல் மருத்துவ நூலன்று. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் இரு மைந்தரோடு தரையில் அமர்ந்து, கட்டைகளாலும் சிறு பொம்மைகளாலும் தீவுகளும் நகரங்களும் அமைத்து விளையாடிய விளையாட்டைப் பற்றி 1911இல் எழுதிய சிறு நூலே அது. மருத்துவமனையின் மணல்தட்டுக்கு மூலம், வீட்டுத் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்த ஒரு தந்தை!

இரண்டு பெட்டிகள்

கலைச் சிகிச்சையின் வரலாற்றில் கண்ணீரின்றிப் படிக்க இயலாத பக்கம் ஒன்றுண்டு. வியன்னாவில் 1898இல் பிறந்த ஓவியர் பிரிடல் டிக்கர் பிராண்டைஸ், 1942 டிசம்பரில் நாஜிகளால் தெரேசின் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி இல்லங்களில் வைக்கப்பட்டிருந்த யூதக் குழந்தைகளுக்கு அவர் ஓவியம் கற்பித்தார். தாள் கிடைப்பது அரிது. கிடைத்த துண்டுத் தாள்களிலெல்லாம் குழந்தைகள் வரைந்தனர். இழந்த வீட்டையும் பூக்களையும் முகாம் வாழ்வையும் வரைந்தனர். ஒவ்வோர் ஓவியத்திலும் தன் பெயரை எழுதுமாறு அவர் குழந்தைகளை ஊக்கினார். மனிதரை எண்ணாக மாற்றிய இடத்தில் பெயரெழுதச் சொன்னது எத்துணைப் பெரிய செயல்!

1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பப்பட்டு உயிரிழந்தார். அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர் மறைத்து வைத்துச் சென்ற இரண்டு பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் இருந்தன. அவை இன்று பிராகு நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. போருக்குமுன் அவரிடம் பயின்ற எடித் கிராமர், 1938இல் நியூயார்க் சென்று, அமெரிக்காவில் குழந்தைகளுக்கான கலைச் சிகிச்சைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரானார். ஆசிரியர் மறைந்தார், அவர் ஏற்றிய விளக்கு கடல் கடந்து எரிந்தது.

கயிறு கட்டிய சிறுவன்

1955 மார்ச்சு மாதம், லண்டன் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பெற்றோர் ஏழு வயது மகனை அழைத்து வந்தனர். அவனைப் பார்த்தவர் டொனால்டு வின்னிகாட் என்னும் குழந்தை மருத்துவர். அவரிடம் எளிய ஓவிய விளையாட்டு ஒன்று இருந்தது. அவர் ஒரு கிறுக்கலை வரைவார். குழந்தை அதை ஏதேனும் ஓர் உருவமாக மாற்றவேண்டும். பின்னர் குழந்தை கிறுக்க, மருத்துவர் மாற்றுவார். அச்சிறுவன் ஏறக்குறைய எல்லாக் கிறுக்கல்களையும் கயிறாகவே மாற்றினான்: சுருக்குக் கயிறு, சாட்டை, முடிச்சு.

இதைப் பெற்றோரிடம் வின்னிகாட் கேட்டபோது, அவர்களும் அதையே சொல்லி வருந்தினர். வீட்டில் மேசையையும் நாற்காலியையும் அவன் கயிற்றால் பிணைத்துவிடுகிறானாம்; அண்மையில் தங்கையின் கழுத்தில் கயிற்றைச் சுற்றியும் விட்டானாம். தங்கை பிறந்தபோதும், அறுவை மருத்துவத்தின்போதும், மனச்சோர்வு நோயால் மருத்துவமனையில் இரண்டு திங்கள் இருந்தபோதும் தாய் அவனைப் பிரிந்திருந்தார் என்பதை வின்னிகாட் அறிந்தார். பிரிவை அஞ்சும் பிள்ளை, பிரியும் பொருள்களை எல்லாம் கட்டி வைக்கின்றான் என்று கண்டார்.

இங்கேதான் அவர் பிறரினும் வேறுபட்டார். அக்குடும்பம் ஆறு திங்களுக்கு ஒரு முறைதான் வர இயலும். ஆகவே விளக்கத்தைக் குழந்தையிடம் கூறாமல் தாயிடம் கூறினார். தக்க நேரத்தில் மகனோடு இதைப் பேசுமாறு சொன்னார். தாய்க்கு முதலில் அது நகைப்புக்கிடமாகத் தோன்றிற்று. எனினும் பேசிப் பார்த்தார். மகன் ஆவலோடு பேச முன்வந்தான். கயிற்று விளையாட்டு நின்றது. பின்னொரு முறை தாய்க்கு மீண்டும் அறுவை மருத்துவம் நேரவிருந்தபோது அவன் கயிற்றைத் தேடினான், தாய் மறுபடியும் பேசினார், அதுவும் ஓய்ந்தது.

வின்னிகாட் இதை வெற்றிக் கதையாக மட்டும் விட்டுவிடவில்லை. அச்சிறுவனின் ஆழ்ந்த துன்பம் முற்றும் நீங்கவில்லை என்று பின்னாளில் நேர்மையோடு எழுதினார். ஆயினும், அந்த உரையாடலை நிகழ்த்தியவர் மருத்துவர் அல்லர், தாய் என்பதை நாம் மறத்தலாகாது.

மீண்டும் உள்ளே வந்த பெற்றோர்

அமெரிக்காவில் கார்ல் ராஜர்ஸின் வழிவந்த வர்ஜினியா ஆக்ஸ்லைன், 1947இல் வெளிவந்த தம் நூலில் எட்டு நெறிகளை வகுத்தார். குழந்தையை உள்ளவாறே ஏற்றல், அதன் உணர்ச்சியைக் கண்டு அதற்கே எடுத்துக்காட்டல், வழியைக் குழந்தையே காட்டவிடல், விரைவுபடுத்தாமை ஆகியவை அவற்றுள் சில. பொருள் கூறும் ஆசிரியராக இருந்த மருத்துவர், இங்கே குழந்தையைப் பின்தொடரும் துணைவரானார். ராஜர்ஸின் மகள் நட்டாலி, தந்தையின் ஊக்கத்தால் தம் மகளோடு வீட்டிலேயே இம்முறையில் விளையாடி, அவ்வனுபவத்தை 1957இல் கட்டுரையாக எழுதினார். முறையான பயிற்சியோடு நெறிப்படுத்தினால் எல்லாப் பெற்றோரும் இதைச் செய்யலாமே என்னும் எண்ணம் மலர்ந்தது.

அவ்வெண்ணத்தைச் செயலாக்கியவர்கள் பெர்னார்டு கெர்னி, லூயிஸ் கெர்னி என்னும் இணையர். 1964இல் அவர்தம் முதல் விளக்கம் வெளியாயிற்று. ஆறிலிருந்து எட்டுப் பெற்றோர் ஒரு குழுவாகக் கூடுவர். விளையாட்டில் குழந்தையோடு எவ்வாறு இருப்பது என்று கற்பர். பயிற்றுநர் பார்க்கத் தம் குழந்தையோடு பழகிப் பார்ப்பர். பின்னர் வீட்டில் வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், அதற்கெனத் தனியே எடுத்துவைத்த விளையாட்டுப் பொருள்களோடு அமர்வர். அந்நேரத்தில் பாடம் இல்லை, கண்டிப்பு இல்லை, வினாக்கணை இல்லை. எல்லை மட்டும் உண்டு. சுவரில் வண்ணம் பூச எழும் பிள்ளையிடம், “உனக்குச் சுவரில் வரைய ஆசை, சுவர் வரைவதற்கன்று, இந்தத் தாளில் வரையலாம்” என்பர். ஆசை மதிக்கப்படுகிறது, செயல் தடுக்கப்படுகிறது, மாற்றுவழி காட்டப்படுகிறது.

பெற்றோர் பிழை செய்வது தீய எண்ணத்தாலன்று. கற்றிராமையாலேயே என்பது கெர்னி இணையரின் நம்பிக்கை. 1953 முதல் 2000 வரையிலான 93 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2005இல் வெளியாயிற்று. விளையாட்டுச் சிகிச்சை பயனளிக்கிறது என்றது அது. பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியபோது விளைந்த பயன், வல்லுநர் நடத்தியதைவிட மிகுதி என்றும் கூறிற்று. 1909இல் பிராய்டு கண்டு வியந்ததை ஏறக்குறைய நூறாண்டு கழித்து எண்கள் உறுதிசெய்தன.

ஒரே தாளில் ஒரு குடும்பம்

பெற்றோரும் பிள்ளையும் மட்டுமன்றிக் குடும்பம் முழுவதும் கூடிப் படைக்கும் முறையும் தோன்றிற்று. போலந்தில் பிறந்த சிற்பி ஹன்னா குவியாட்கோவ்ஸ்கா, 1958 முதல் அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் குடும்பங்களை ஒன்றாக அமர்த்தி வரையச் செய்தார். ஒவ்வொருவரும் தம் குடும்பத்தை வரைவர். பின்னர், ஒருவரின் கிறுக்கலைத் தேர்ந்து எல்லாரும் சேர்ந்து ஓவியமாக்குவர். யார் நடுவில் வரைகிறார், யார் ஓரத்தில் ஒதுங்குகிறார், யார் கோட்டை யார் அழிக்கிறார் என்பனவெல்லாம் தாளில் தெரிந்துவிடும். வாயால் மறைத்ததைக் கை காட்டிக்கொடுக்கும். 1970களில் கைப்பாவைகளைக் குடும்பத்தார் கையில் கொடுத்து, கதை ஒன்றை இட்டுக்கட்டி நடிக்கச் செய்யும் முறையும் வழக்கில் வந்தது. “அப்பா என்னைக் கேட்பதே இல்லை” என்று சொல்ல அஞ்சும் பிள்ளை, “அரசர் முயல்குட்டியைக் கேட்பதே இல்லை” என்று சொல்ல அஞ்சாது.

குடும்பமே சிதைந்த இடத்தில் என் செய்வது? அங்கே ஊர் செவிசாய்த்தல் வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த இலங்கையின் மட்டக்களப்பில், கனடாவின் ஓவியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை பால் சற்குணநாயகமும் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தோற்றுவித்தனர். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கூறினர். தமிழ்க் குழந்தையின் துயரும் கலை வழியே பேசிற்று என்பதற்கு அப்பூங்கா சான்று.

நம் இல்லத்தில்

விளையாடுதல் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாட்டு மன்றத்தின் குழந்தை உரிமை ஒப்பந்தம் 1989இல் அறிவித்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அவ்வொப்பந்தத்தில் இணைந்தன. ஒப்பந்தம் நாட்டளவில் நிற்கும். அதை வீட்டளவில் கொண்டுவருவது நம் கடமை.

இதனால் பெற்றோர் அனைவரும் மருத்துவராகிவிடலாம் என்று எவரும் கொள்ளவேண்டா. கொடுமைக்கு ஆளான குழந்தைக்கும், கடுமையான மனநோயுற்ற குழந்தைக்கும் பயிற்சி பெற்ற வல்லுநரே துணை. பெற்றோர் செய்யக்கூடியது வேறு. வாரத்தில் அரைமணி நேரம் தரையில் அமர்தல், திருத்தாமல் பார்த்தல், வினவாமல் கேட்டல். குழந்தை வரைந்த வீட்டில் கதவு இல்லையென்றால், “கதவு எங்கே?” என்று குற்றம் காணாமல், “இந்த வீட்டைப் பற்றி எனக்குச் சொல்” என்று காத்திருத்தல்.

நூறாண்டு வரலாறு நமக்குச் சொல்வது இதுவே. மணல்தட்டும் பொம்மையும் வண்ணக்கோலும் அருமருந்துகள் அல்ல. அவை குழந்தை எழுதும் மடல்கள். அம்மடலின் முகவரி எப்பொழுதும் வீட்டு முகவரியே. வல்லுநர் அதைப் படித்துக் காட்டலாம். மறுமொழி எழுதவேண்டியவர் தாயும் தந்தையுமே ஆவர்.